சிவப்பு விளக்கில் பூசிய தலைக்கவசம்

"கண்ணைத் தொறந்து வச்சுக்கிட்டுதான் பூசுனீங்களா?" தையல்காரி போடும் சத்தம் ஒப்பனை அறையைத் தாண்டி நாடகக் கொட்டகையின் வாசல்வரை கேட்கிறது. "தொறந்துதாங்க இருந்துச்சு. மேடையில செவப்பு லைட்டப் போட்டுக்கிட்டுப் பூசினேன்" என்கிறான் விளக்குக்காரன். சிவப்பு வெளிச்சத்தில் சிவப்புப் பெயின்ட் வழிந்தால் எந்தக் கண்ணுக்குத் தெரியும்? ஆறு மணிக்குத் திரை விலக வேண்டும். சிவப்புப் பட்டை மட்டும் போட வேண்டிய தளபதியின் வெள்ளைப் பிளாஸ்டிக் தலைக்கவசமோ, பெயின்ட் வழிந்து, போருக்குப் போகும் முன்பே மண்டை உடைந்ததுபோல் இருக்கிறது. அவன் தின்னர் பாட்டிலை எடுக்கிறான். "அத ஊத்தினா பிளாஸ்டிக்கே இளகிடும், தள்ளுங்க" என்று புறங்கையில் ஒன்று வைக்கிறாள். அடி என்னவோ செல்லமாகத்தான் விழுகிறது. கவசத்தை மடியில் கவிழ்த்து, ஜன்னலோர வெயிலில், வழிந்து காய்ந்த கோடுகளைப் பல்குத்தும் குச்சியால் ஒவ்வொன்றாகச் சுரண்டுகிறாள். சுரண்டிய இடத்தில் அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு வெள்ளையைத் தொட்டு வைக்கிறான். இரண்டு தலைகளும் முட்டாத குறை. சிவப்புத் தூள் அவள் சேலையில் உதிர்கிறது. மற்ற நாளாக இருந்தால் ஊரைக் கூட்டியிருப்பாள், இன்று தட்டிவிடக்கூட இல்லை. கவசத்தின் காதோரம் அவனுடைய கட்டைவிரல் ரேகை சிவப்பாகப் பதிந்திருக்கிறது. அவள் குச்சி அதன்மேல் போய், நின்று, விலகிக்கொள்கிறது. "அத விட்டுட்டீங்களே." "அவ்வளவு தூரத்துல உக்காந்திருக்கறவங்களுக்கு எங்க தெரியப்போகுது" என்கிறாள், தலையை நிமிர்த்தாமல்.

தெரிய வேண்டியவர்களுக்கு அன்றைக்கே தெரிந்துவிட்டது. மறு வருடம் இருவரும் கல்யாணம் பண்ணிக்கொண்டு மூன்று தெரு தள்ளிக் குடிபோனார்கள். சாமான் வண்டியில் கட்டில், தையல் மிஷின், எல்லாவற்றுக்கும் உச்சியில் அந்தத் தலைக்கவசம், காதோரத்து ரேகை தெருவைப் பார்த்தபடி.