மூணு வேளையும் மீன்

"ஊது!"

செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டில் நாலு பேர் பார்க்கிறார்களே என்றுகூட வச்சலா கவலைப்படவில்லை. புருஷன் தீனாவின் வாயருகே மூக்கைக் கொண்டுபோனாள். அவன் ஊதினான். டீ வாசனைதான் வந்தது.

"வாசன வராத சரக்கெல்லாம் வந்துடிச்சாம். நான் நம்ப மாட்டேன்."

"முருகன் மேல சத்தியமா குடிக்கல வச்சலா."

கால் மரத்துப்போகிறது என்று டாக்டரிடம் போனது, சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதையாகிவிட்டது. ரத்தப் பரிசோதனையில் தீனாவின் சிவப்பணுக்கள் இருக்க வேண்டியதைவிடப் பெருத்திருந்தன.

"பி-12 சத்து குறைஞ்சா இப்படி ஆகும். மீன், நண்டு நல்லா சாப்பிட்டா தானா ஏறிடும்" என்றார் டாக்டர்.

"நாங்க கடலுக்குப் போறவங்க சார். மூணு வேளையும் மீன்தான்" என்றாள் வச்சலா.

டாக்டர் தீனாவை ஒரு மாதிரி பார்த்தார். "இன்னொரு டெஸ்ட் எழுதித் தரேன். குடிச்சாலும் ரத்தம் இப்படி ஆகும். ஆமா, இவர் குடிப்பாரா?"

அந்த ஒரு கேள்வி போதாதா? குடிக்குத் தன் அப்பாவைப் பறிகொடுத்தவள் வச்சலா. பஸ் திருக்கழுக்குன்றம் தாண்டும்போது தீர்ப்பே சொல்லிவிட்டாள்.

"ஒரு நாள் கையும் களவுமா மாட்டு. புள்ளயத் தூக்கிக்கினு எங்கம்மா வூட்டுக்குப் போய்க்கினே இருப்பேன்."

மறுநாள் மதியம். மாமல்லபுரத்தை ஒட்டிய அவர்கள் குப்பத்துக் கரையில் வலை சரிசெய்துகொண்டிருந்தவனிடம் சோற்று டப்பாவைக் கொடுத்தாள். போவதுபோல் போய், ஒரு படகின் மறைவில் உட்கார்ந்துகொண்டாள். பாட்டில் எங்கிருந்து வருகிறது என்று இன்றைக்குப் பார்த்துவிட வேண்டும்.

தீனா சுற்றுமுற்றும் பார்த்தான். டப்பாவைத் திறந்தான். சங்கரா மீன் துண்டுகளை ஒவ்வொன்றாய் எடுத்து நாய்க்குப் போட்டான். குழம்பையும் மணலில் கொட்டிவிட்டு, வெறும் சோற்றில் தண்ணீர் ஊற்றி உப்புப் போட்டுப் பிசைந்தான்.

வச்சலாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எழுந்து ஓடினாள்.

"நான் ஆக்குனது நாய்க்கா? வூட்லயும் தட்டத் தூக்கிக்கினு வாசலுக்குப் போறது இதுக்குத்தானா? எவ கையில வாங்கித் தின்னுகினு இருக்கே, சொல்லு!"

தீனா கையிலெடுத்த சோற்றை டப்பாவிலேயே போட்டான்.

"என்கூட போட்ல வந்த என் தம்பி, மூணு வருஷத்துக்கு முன்ன அலையில வுழுந்தானே... அவன் ஒடம்பு இன்னிவரைக்கும் கரை ஒதுங்கல. அவனத் தின்ன மீனு எதுன்னு தெரியாம, நான் எந்த மீனத் தின்றது வச்சலா?"