புகை தெரியாத கணப்பு

"புகை வெளிய தெரியவே கூடாது தம்பி. துளிகூட. அப்படி ஒரு கணப்பு இருக்கா?"

கடைக்குள் வந்து கதவைச் சாத்தியதும் அந்த அம்மாள் கேட்ட முதல் கேள்வியே இதுதான். வயது எழுபது இருக்கும். டெலொரெய்ன் என்ற சின்ன மலையடிவார ஊரில் இருபது வருஷமாக விறகுக் கணப்பு விற்கிறவன் நோயல். வீடு சூடாகுமா, விறகை எவ்வளவு தின்னும் என்றுதான் எல்லாரும் கேட்பார்கள். புகைக்கு இப்படி நடுங்குகிறவரை அவன் பார்த்ததில்லை.

"இருக்கும்மா. இந்த ரகத்துல புகையே மறுபடி எரிஞ்சிடும். பத்த வச்சதும் கால் மணி நேரம் கொஞ்சம் வரும், அப்புறம் ஒண்ணும் தெரியாது. விறகு மட்டும் நல்லா காஞ்சிருக்கணும். வீடு எந்தப் பக்கம்?"

"எதுக்குக் கேக்குறீங்க?" வெடுக்கென்று வந்தது குரல்.

"அட, வீட்டோட அளவு தெரியாம கணப்பை எப்படிம்மா தர்றது?"

அவள் ஜன்னல் வழியாகத் தெருவை ஒரு முறை பார்த்துக்கொண்டாள். "மலை மேல. ஏரிக்கரையில ஒரு குடில். ஒரே அறைதான்."

நோயலுக்குத் திக்கென்றது. ஏரிக்கரைக் குடில்கள் கோடையில் மீன் பிடிக்க வருகிறவர்களுடையவை. இந்த நாட்டில் ஜூலைதான் கடுங்குளிர் மாதம்; அந்தப் பனியில் அங்கே ஈ காக்கை இருக்காது. இந்த மாதத்தில் அங்கே புகை எழுந்தால், யாரோ இருக்கிறார்கள் என்று மறுநாளே டவுன் முழுக்கப் பேச்சாகிவிடும்.

"அங்க இருக்கிற பழசு குபுகுபுன்னு புகையுது. அதனால இருட்டின பிறகுதான் பத்த வைக்கிறேன். பகல் முழுக்கக் குளிர் எலும்பைத் தின்னுது தம்பி. இதே மாதிரி இன்னும் ரெண்டு நாள் போனா உயிரே தங்காது. இதோ, இந்தப் பெரிசைக் கொடுங்க."

"அதுல மட்டும் கை வைக்காதீங்க! இந்த ஊரே பண்ற தப்பு அது. ஆசையா பெரிசா வாங்குவாங்க, சூடு தாங்கலைன்னு காத்தை அடைப்பாங்க. காத்தை அடைச்சா நெருப்பு மூச்சு முட்டிப் புகையாக் கக்கும். உங்க அறைக்கு இந்தச் சின்னதே ஜாஸ்தி."

"நான் அசந்து தூங்கிட்டா அணைஞ்சிடுமா?"

"ரெண்டு கனமான கட்டையைப் போட்டுப் படுங்க. விடியிற வரைக்கும் கங்கு இருக்கும்."

அவள் குனிந்து கதவைத் தடவினாள். "கண்ணாடி கொஞ்சம் பெரிசா இருந்தா தேவலை. நெருப்பு நல்லாத் தெரியணும்."

ஒளிந்து வாழ்கிறவளுக்கு இது என்ன ஆசை என்று நோயலுக்குத் தோன்றியது. ஆனாலும் பெரிய கண்ணாடி வைத்த இன்னொன்றைக் காட்டினான். அவளுக்குப் பிடித்துப்போயிற்று.

"சரி, பொருத்துறதுக்கு ஆள் அனுப்புறேன். அனுமதி கேட்டு ஊர் கவுன்சிலுக்கு ஒரு விண்ணப்பம்..."

"ஐயோ, யாரும் வேண்டாம்! யாருக்கும் தெரியக் கூடாது!"

பதறிப்போய் அவன் கையைப் பிடித்தாள். கோட்டுக் கை மேலேறியது. மணிக்கட்டில் நாலு நகங்கள் அழுந்திய தடம், இன்னும் சிவப்பாகவே இருந்தது.

நோயலின் தங்கைக்கும் இப்படிக் காயப்படுத்துகிற புருஷன்தான் வாய்த்தான். அவள் தப்பித்து ஓடியபோது, எந்த ஊரில் இருக்கிறாள் என்று அந்தப் புருஷனிடம் யாரோ வாய்தவறிச் சொல்லிவிட்டார்கள். அதற்கப்புறம் நோயல் தங்கையைச் சவப்பெட்டியில்தான் பார்த்தான்.

"உங்க வீட்டுக்காரரா?" என்றான் மெதுவாக.

அவள் கோட்டுக் கையைக் கீழே இழுத்துவிட்டாள். "கண்டுபிடிச்சா விடமாட்டாங்க தம்பி. மறுபடி அங்கேயே கொண்டுபோயிடுவாங்க."

"நான் இருக்கேன்ல! நானே வந்து மாட்டித் தர்றேன். உங்க பேர்கூட எனக்கு வேண்டாம்."

அவன் சொல்லி வாய் மூடவில்லை, வாசலில் ஒரு வண்டி கிறீச்சென்று நின்றது. எட்டிப் பார்த்த அம்மாளின் முகம் வெளுத்துவிட்டது.

"அவன்தான்!"

நோயல் அவளைப் பின்கட்டுக்குள் தள்ளிக் கதவை இழுத்து மூடினான். காய்ந்த விறகு அடுக்கிய இருட்டறை அது. உள்ளே அவள் மூச்சு வாங்குவது அவனுக்கே கேட்டது. வருகிறவனுக்கும் கேட்டுவிடுமோ என்று ஒரு கணப்பின் இரும்புக் கதவைச் சத்தமாகத் திறந்து மூடினான்.

வந்தவன் ஆறடிக்கு மேல் இருந்தான். ஐம்பது வயது, பல நாள் தாடி, தூங்காத கண்கள். சட்டைப்பையிலிருந்து ஒரு படத்தை எடுத்து நீட்டினான். அதில் இதே அம்மாள்தான்.

"எங்கம்மா. இங்க வந்தாங்களா?"

"பார்த்ததே இல்ல."

"வெளிய நிக்கிறது அவங்க காருய்யா."

வந்தவன் பின்கட்டுக் கதவை நோக்கி ஓர் அடி வைத்தான். நோயல் குறுக்கே போய் நின்றான். கணப்பு கிளறும் இரும்புக் கம்பி எப்படிக் கைக்கு வந்தது என்று அவனுக்கே தெரியவில்லை.

"இன்னும் ஒரு அடி வச்சே, மண்டை பிளந்திடும்! பெத்த அம்மாவைப் பிடிச்சுக் கொடுக்க வந்திருக்கியே, நீயெல்லாம் ஒரு மகனா? யாரு, உங்கப்பன் அனுப்பினானா?"

அந்த ஆள் நின்ற இடத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டான். முகத்தைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தான்.

"அப்பா யாரை அனுப்புற நிலைமையில இருக்காரு? வலி வந்தா பக்கத்துல இருக்கிறவங்க கையை நகம் பதியப் பிடிச்சுக்கிட்டுத் துடிப்பாரு. இன்னும் பத்து நாள்தான்னு டாக்டர் கைவிரிச்ச அன்னிக்கே, ஆஸ்பத்திரி வேணாம், கணப்பு நெருப்பு முன்னால உக்காந்து போய்ச் சேரணும்னு அவர் அழுதாராம்... ஆஸ்பத்திரியிலேர்ந்து சக்கர நாற்காலியோட அம்மா அவரைத் திருடிட்டுப் போயிட்டாங்கய்யா!"