காலத்துக்கு முன்னால் ஒரு கழித்தல் குறி

அச்சு மெஷின் காலையிலிருந்து ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் நிறுத்தித் தொட்டால், தாளில் மையைப் பதிக்கும் உருளையில் சுற்றியிருந்த ரப்பர் விரிப்பு சில்லிட்டது.

கற்பகம் வெடுக்கென்று கையை எடுத்துக்கொண்டாள். வெளியே சிவகாசி வெயில் மண்டையைப் பிளந்தது.

"ஓட ஓடச் சூடாகணும்ல மேடம்? இது ஓட ஓடக் குளுருது," என்றார் மெஷின் ஓட்டும் வேலுச்சாமி.

காலண்டர் சீசன் உச்சத்தில் இருந்தது. இருக்கன்குடி மாரியம்மன் படத்துக்குக் கீழே, கடைப் பெயர் போடுவதற்காக வெறுமையாக விட்ட இடத்தில், ஒரு நிழல் விழுந்துகொண்டிருந்தது.

பழைய ரப்பரில் முந்தைய வேலையின் தடம் இப்படித் தெரிவது உண்டு. ஆனால் இந்த ரப்பர் போன வாரம்தான் பெட்டியைப் பிரித்து மாட்டியது. முதலாளி ராஜபாண்டியன் தலையைப் பிய்த்துக்கொண்டு, விருதுநகரில் கல்லூரிக் கணக்கு ஆசிரியையான கற்பகத்தை வரவழைத்திருந்தார்.

ரப்பருக்கும் கணக்குக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காத சொந்தக்காரர் அவளுக்குக் கிடையாது.

அவளுடைய பதில் எப்போதும் ஒன்றுதான். ரப்பருக்கு ஞாபகம் உண்டு, மறதியும் உண்டு. அழுத்தினால் குழியும், விட்டால் மெல்ல மெல்ல எழும். பட்ட பாட்டில் ஒரு பங்கு சூடாகப் போயே தீரும், திரும்பி வராது. இதை மீறாமல் சமன்பாடு எழுதியதற்குத்தான் அவளுக்கு முனைவர் பட்டம் கொடுத்தார்கள்.

இந்த நிழல் நாளுக்கு நாள் மங்கவில்லை, கறுத்தது.

அன்றன்றைக்கு அடித்த தாள்களை வரிசையாக வைத்து, கறுப்பை அளந்து, மடிக்கணினியில் போட்டுப் பார்த்தாள். எந்தக் கணக்கிலும் அடங்கவில்லை. நடுவில் கணவன் அருள்பாண்டியிடமிருந்து செய்தி வந்தது. அவளைக் கூட்டிப்போகச் சாத்தூரிலிருந்து பைக்கில் கிளம்பிவிட்டானாம்.

எரிச்சலில், சமன்பாட்டில் காலத்துக்கு முன்னால் ஒரு கழித்தல் குறியைப் போட்டாள்.

எல்லாப் புள்ளிகளும் கோட்டின்மேல் வந்து உட்கார்ந்தன. குளிர்ச்சிகூடப் பொருந்திவிட்டது.

இந்த ரப்பர் நடந்ததை மறந்துகொண்டிருக்கவில்லை. இனிமேல் அடிக்கப்போகும் ஒன்றைத் தலைகீழாக மறந்துகொண்டிருந்தது. கோடு உச்சிக்குப் போய் நிற்கும் இடம் நாளைக் காலை.

அவள் சொன்னதைக் கேட்ட ராஜபாண்டியன், "பாத்தீகளா மேடம்," என்று புதிதாக வந்த தாளை நீட்டினார். நிழலில் கறுப்பு விளிம்பு தெரிந்தது. நடுவே ஒரு முகம், நீள்வட்டமாக. மேலே 'கண்ணீர் அஞ்சலி' என்று எழுத்துக்கூட்டிப் படிக்க முடிந்தது. "எங்க அப்பாவுக்குத்தான் இருக்கும். இன்னைக்கோ நாளைக்கோன்னு கெடக்காக."

சொல்லிவிட்டு அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பாவம் என்று நினைத்தாலும், யாரென்று தெரிந்ததில் கற்பகத்துக்கு மனசு லேசானது.

அடுத்த தாள் விழுந்தது. முகம் இன்னும் கலங்கலாகவே இருந்தது. ஆனால் தலைமுடி கறுகறுவென்று இருந்தது.

கீழே சின்ன எழுத்தில் ஒரு பெயர் தெளிந்திருந்தது. கற்பகம்.

தாளைக் கண்ணருகே கொண்டுபோனாள். பிறகு, அது முகத்துக்கு அடியில் இல்லை, கடைசி வரியில் இருக்கிறது என்று பார்த்தாள். சாகப்போவது அவள் இல்லை. ஒரு கணம் அவளுக்கு அப்படியொரு நிம்மதி வந்தது. அந்த நிம்மதிக்காக அவள் தன்னை ஒருநாளும் மன்னிக்கப்போவதில்லை.

கடைசி வரியில், வருந்துபவர்கள் இடத்தில், செத்தவனின் பெண்டாட்டி பெயரைத்தான் போடுவார்கள்.

போனை எடுத்து அருள்பாண்டியைக் கூப்பிட்டாள். மணி அடித்து ஓய்ந்தது. வண்டி ஓட்டும்போது அவன் போனைத் தொடமாட்டான். கல்யாணமான புதிதில் அவளே சத்தியம் வாங்கியிருந்தாள்.

திரும்பக் கூப்பிட்டாள். மறுபடியும் கூப்பிட்டாள். விடாமல் கூப்பிட்டாள். இப்படி அவள் ஒருநாளும் கூப்பிட்டதில்லை.

கடைசியில் அவன் எடுத்துவிட்டான். காதில் காற்று இரைந்தது. லாரி ஒன்றின் ஹாரன் மிக அருகில் கேட்டது.

"ஒனக்கு என்ன ஆச்சு கற்பகம்?" என்றான் பதறிப்போய், வண்டியை நிறுத்தாமலே.