கோணாத கோடு

"மாட்டினா என்ன ஆகும்னு யோசிச்சியா?" என்றார் நண்பர் கஸ்.

"யோசிச்சாச்சு. நீ டார்ச்ச நேராப் பிடி," என்றார் லாயிட்.

அதற்குப் பிறகு கராஜில் சுத்தியல் சத்தம் மட்டும்தான். இன்ஜினின் முகப்பில் வண்டியின் எண்ணை ஒவ்வொரு இலக்கமாகப் பொறித்துக்கொண்டிருந்தார் லாயிட். சாகினா ஊரில் ஒரு பழைய இரும்புக் கடையில் பிடித்த இன்ஜின். அதைச் சங்கிலியில் தூக்கி வண்டிக்குள் இறக்கியதில் கஸ்ஸுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது.

வண்டி, வேகத்துக்குப் பேர்போன எழுபதாம் வருடத்து மஸில் கார். எட்டுக் குளிர்காலம் அதன் அடியில் மல்லாந்து கிடந்து லாயிட் உயிர் கொடுத்த வண்டி. அதில் இரண்டு ரகம் உண்டு. சாதா ரகம் ஊரெல்லாம் கிடக்கிறது. பெரிய இன்ஜினோடு வந்த அரிய ரகம் என்றால் வாங்குவதற்கு வரிசையில் நிற்பார்கள். ஆனால் அது அசல்தான், பிறந்தபோது இருந்த அதே இன்ஜின்தான் என்று விவரம் தெரிந்த ஒருவர் எண்ணைப் பார்த்துச் சொல்லவேண்டும்.

அந்த ஒருவர், நார்ட்டன், சனிக்கிழமை வருகிறார்.

லாயிட்டின் மனைவி டாட்டி முடிவே செய்துவிட்டாள். அசல் என்று அவர் சொல்லிவிட்டால் வண்டியை விற்றுவிட்டு, ஃப்ளோரிடாவில் தன் அக்கா மார்ஜ் வீட்டுக்கு அடுத்த வீட்டை வாங்குவது. போலி என்றால் யாரும் சீந்தமாட்டார்கள். கடைசிவரை இங்கேயே மிச்சிகன் பனியை வாரிக் கொட்டிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

வரவேற்பறை ஏற்கெனவே ஃப்ளோரிடாவுக்குக் குடிபோயிருந்தது. தென்னைமரம் போட்ட திரைச்சீலை, மூலைக்கு ஒரு பிளாஸ்டிக் பூநாரை. ஒரு பழைய இன்ஜின் கட்டையின் மேல் கண்ணாடியைப் போட்டு, 'டீப்பாய்' என்று அவள் பிறந்தநாளுக்கு லாயிட் கொடுத்திருந்தார். அதற்கும் பூநாரைக்குப் பொருத்தமாக ரோஸ் பெயிண்ட் அடித்துவிட்டாள்.

சனிக்கிழமைவரை கராஜில் வேலை ஓயவில்லை. கதவுக்கடியில் வழிந்து காய்ந்திருந்த பெயிண்ட்டை லாயிட் உப்புத்தாளால் தேய்த்து வழவழவென்று ஆக்கினார். தேய்க்கும்போது அவருக்குக் கண் கலங்கியது. பானெட்டின் மேலிருந்த கறுப்புக் கோடுகளை அழித்துவிட்டு, அளவுகோல் வைத்துப் புதிதாகப் போட்டார்.

"இந்த ஒரு நாளத் தாண்டிட்டாப் போதும்டா," என்றார். "மிச்ச ஆயுசு நிம்மதி."

நார்ட்டன் முழங்காலுக்குப் பட்டை கட்டிக்கொண்டு வந்தார். காந்தத்தால் வண்டியைத் தட்டினார். பல் டாக்டர் மாதிரி குச்சிக் கண்ணாடியை இடுக்கெல்லாம் விட்டுப் பார்த்தார். கதவை முகர்ந்தார். டாட்டி பிரார்த்தனையில் நிற்பதுபோல நின்றாள். லாயிட்டின் நெற்றி வியர்த்தது.

"இந்தக் கோடு யார் போட்டது?"

"ஃபேக்டரிலதான் சார்."

"ஃபேக்டரிலயா? மணியடிச்சா வீட்டுக்கு ஓடற அவசரத்துல போட்ட கோடு சார் அதெல்லாம். ஒண்ணாவது கோணிக்கிட்டு நிக்கும். கதவுக்கடியில பெயிண்ட் வழிஞ்சிருக்கும். இதென்னடான்னா கல்யாண கேக் மாதிரி இருக்கு." இன்ஜின்மேல் வெளிச்சம் அடித்தார். "இந்த நம்பர் அடிச்சு பத்து நாள்கூட ஆகியிருக்காது. துருவே இன்னும் வரலாமா வேணாமான்னு யோசிக்குது. வண்டிய யார்கிட்ட வாங்கினீங்க?"

"ஒஹையோக்காரன் ஒருத்தன்கிட்ட."

"அதானே பாத்தேன். மிச்சிகன்காரன ஏமாத்தறதுதான் ஒஹையோக்காரனுக்குப் பொழப்பே." நார்ட்டன் டாட்டியின் பக்கம் திரும்பினார். "சுத்தப் போலி மேடம். சாதா வண்டிக்கு வேஷம் கட்டி விட்டிருக்காங்க."

லாயிட் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார். தோள்கள் குலுங்கின.

டாட்டி அவரை முறைத்தாள். "எட்டு வருஷம் அடியிலயே படுத்துக் கிடந்தியே, அங்க என்னத்தத்தான் பாத்த?" என்றாள். பிறகு, "நீங்க உள்ள வாங்க சார். உங்களுக்குன்னு செர்ரி பை பண்ணினேன். அதையாவது சாப்பிட்டுப் போங்க," என்று நார்ட்டனை அழைத்துப் போனாள்.

கதவு சாத்திக்கொண்டது. லாயிட் கைகளை விலக்கினார். சிரிப்பை அடக்கி அடக்கி அவர் முகம் சிவந்திருந்தது.

"படுபாவி," என்றார் கஸ். "ஊர்ல எல்லாரும் போலிய அசல்னு காட்டுவாங்க. அசல் வண்டியப் போலியாக் காட்ட இப்படி மெனக்கெட்டது நீ ஒருத்தன்தான்டா."

"மார்ஜுக்குப் பக்கத்து வீட்டுல நீ ஒரு வாரம் இருந்து பாரு. அப்பறம் பேசு."

"அந்தப் பெயிண்ட்டத் தேய்க்கும்போது அழுதியே?"

"அது நிஜ அழுகடா. எழுபதுல எவனோ வழிய விட்ட பெயிண்ட்டு. அசலுக்கு அசல்." லாயிட் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "போகட்டும். வண்டி என்கிட்டயே இருக்கும்ல."

"சரி, இதோட அசல் இன்ஜின எங்க ஒளிச்சு வெச்ச?"

"பத்திரமா இருக்கு. டாட்டியே தினமும் துணி வெச்சுத் துடைக்கிறா."

வாசலில் எதையோ தடதடவென்று உருட்டும் சத்தம் கேட்டது. டாட்டியின் குரலும் கேட்டது: "தாராளமா எடுத்துக்கங்க சார். காருதான் விலை போகல, இந்த இரும்பாவது வீட்டவிட்டுப் போகட்டும்."

லாயிட் ஓடிப்போய் கராஜ் கதவைத் தூக்குவதற்குள் ரோஸ் நிறச் சாமான் நார்ட்டனின் பிக்கப்பில் ஏறிவிட்டிருந்தது.

"ரொம்ப நன்றி மேடம்," என்று வண்டியைக் கிளப்பினார் நார்ட்டன், "வீட்டுக்குப் போனதும் முதல் வேலையா இந்தப் பெயிண்ட்டச் சுரண்டிட்டு, அடியில என்ன நம்பர் இருக்குன்னு பாக்கணும்."