பூ ஒன்று, தலை ஒன்று

“நான் இருக்கேன். பூனை இருக்கு. உங்க மக நைட் டூட்டி முடிச்சுட்டு மாடியில தூங்குறா. இன்னிக்கு விருந்தாளி ஒருத்தர் வந்திருக்காரு. அவ்வளவுதான், வேற யாரும் இல்ல. சாப்பிடுங்க.”

சுவரில் இருந்த கணவர் ஹாய்-செங்கின் படத்திடம் ஒப்பித்துவிட்டு, கிம்-லான் ஊதுபத்தியைச் செருகினாள். படத்துக்கு முன்னால் சோறு, வறுத்த மீன், பாகற்காய் சூப், சின்னக் கிண்ணத்தில் அரிசி மது.

மேசையில் அவளுக்கு எதிரே உட்கார்ந்திருந்தவர் சூப்பை எட்டிப் பார்த்தார். அவர் காலடியில் ஒரு பழைய துணிப்பை கிடந்தது.

“பாகற்காயா? அவனுக்கு ஆகவே ஆகாதே!”

“அப்ப ஆகாது. இப்ப பிடிக்குது. கேட்டுட்டுத்தான் சமைக்கிறேன்.”

“காசு சொல்லுச்சாக்கும்.”

“அவரு சொன்னாரு. மெதுவாப் பேசுங்க, பொண்ணு முழிச்சுக்குவா.”

தோங்காங் துறைமுகத்தில் நினைவு நாளுக்கும் பண்டிகைக்கும் எல்லா வீட்டிலும் படைப்பார்கள். இறந்துபோனவர்கள் சாப்பிட்டு முடித்தார்களா என்று இரண்டு நாணயங்களைப் போட்டுக் கேட்பார்கள். ஒன்று பூ, ஒன்று தலை விழுந்தால் ‘ஆமாம்’. இரண்டும் பூ என்றால் ‘இல்லை’. இரண்டும் தலை என்றால், கேட்டதைக் கேட்டுச் சிரிக்கிறார்கள். கேள்வியை மாற்றிக் கேட்க வேண்டும். ‘ஆமாம்’ வந்ததும் நாணயம் பைக்குள் போய்விடும்.

கிம்-லான் அதை அன்றாடப் பழக்கமாக்கிக்கொண்டாள். மீன்பிடிக் கப்பல் ஹாய்-செங் இல்லாமல் திரும்பிய வருஷம், பூசாரி கடற்கரையில் ஆவியை அழைத்தார். ‘வந்தாச்சா?’ என்று அவள் மணலில் நாணயம் போட்டாள். காலையில் ஆரம்பித்தது, ‘ஆமாம்’ விழும்போது பொழுது சாய்ந்துவிட்டது. அன்று வீட்டுக்கு அழைத்து வந்த ஆவியிடம் அவள் எல்லாவற்றையும் கேட்டாள். மகளை நர்ஸ் படிப்பில் சேர்க்கலாமா, கூரைத் தகரத்தை மாற்றலாமா, தலைவலிக்கு மாத்திரை போடலாமா. ஒவ்வொன்றுக்கும் பதில் வந்தது. கூட வாழ்ந்த காலத்தில் எதைக் கேட்டாலும் ‘பார்க்கலாம்’ என்று சொல்லிவிட்டுத் துறைமுகத்துக்கு நடந்துவிடுகிற மனிதர் அவர்.

“நான் அவன்கூடவேதான் இருந்தேன், லான்,” என்றார் வந்தவர். “அங்க எந்நேரமும் உன்னைப் பத்தித்தான் பேச்சு.”

“அங்க போயா? இங்க இருந்தப்ப எங்கிட்டயே பேசல.”

அவர் மீன் முள்ளைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கினார். ஒதுக்கியதையே மறுபடி ஒதுக்கினார்.

“பின்பக்க ரூம் சும்மாத்தானே கெடக்கு? ஒரு ஓரமா இருந்துக்கறேன். வலை பின்னுவேன், கூரை ஒழுகினா பார்ப்பேன். எனக்குப் போக்கிடம் இல்ல. உனக்கும் வயசாகுது. அந்தப் பொண்ணுக்கும் ஒரு அப்பா வேணாமா?”

“அவளுக்கு அப்பா இருக்காரு.” கிம்-லான் சாப்பிடும் குச்சியாலேயே படத்தைக் காட்டினாள்.

அவர் சோற்றுக் கிண்ணத்துக்காக எட்டினார். சட்டைக் கையிலிருந்து டீசலும் புகையிலையும் கலந்த வாடை வந்தது. பாழாய்ப்போன வாடை. படத்துக்கு வாடை கிடையாது. குளிர்காலத்தில் படம் முதுகைத் தேய்த்துவிடாது. தூக்கத்தில் குறட்டை விட்டு எழுப்பாது. அந்தப் படத்தின் மேல் அவளுக்குக் குறை என்று இருந்தால் அவ்வளவுதான். அது சின்னக் குறையும் இல்லை.

“அவரைக் கேக்கறேன்,” என்று எழுந்தாள்.

“அவனையா?” வந்தவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “கேளு, கேளு. எனக்குப் போயி அவன் மாட்டேன்னு சொல்லிடுவானா?”

நாணயங்கள் தரையில் உருண்டன. இரண்டும் தலை.

“பாத்தியா, அவனும் சிரிக்கிறான்!”

“கேள்வி சரியாக் கேக்கல நான்.” அவள் கண்ணை மூடிக்கொண்டாள். “இந்த ஆளு இனிமே இந்த வீட்ல இருக்கலாமா? தெளிவாச் சொல்லுங்க.”

ஒரு நாணயம் உடனே பூவாகப் படுத்தது. மற்றது மேசைக்காலைச் சுற்றி வந்து, நின்ற இடத்திலேயே சுழன்றுகொண்டிருந்தது. தலை விழட்டும் என்று நினைத்தாள். நினைத்ததற்காகத் தன்மேலேயே எரிச்சல்பட்டாள். ஆனாலும் நினைத்தாள்.

பூ.

“இன்னொரு தடவ போடு, லான்.”

“கேள்விய மாத்தலாம். பதில மாத்தச் சொல்லக் கூடாது.”

“வெறும் காசு அது!”

“அந்தக் காசுதான் இந்தக் குடும்பத்தை நடத்துச்சு.” அவள் கடைசியாக, வழக்கமாகக் கேட்பதைக் கேட்டாள். “சாப்பிட்டாச்சா?” முதல் வீச்சிலேயே ஒன்று பூ, ஒன்று தலை. படத்தின் முன்னாலிருந்த கிண்ணங்களை எடுத்தாள். அதே கையோடு வந்தவருடைய பாதிச் சோற்றையும் எடுத்தாள்.

அவர் பையைத் தோளில் மாட்டினார். மாடிப்படியை ஒரு முறை பார்த்தார். வாசலுக்கு வெளியே போய் நின்று திரும்பினார்.

“விருந்தாளியாப் பேசறதா இருந்தா உள்ள வான்னு சொன்ன. அப்படியே பேசிட்டேன். இப்ப ஒண்ணே ஒண்ணு சொல்லுடி. நான் சாகல. எங்கயோ ஒரு கரையில இறங்கி இன்னொருத்தியோட குடித்தனம் நடத்திக்கிட்டு இருந்தேன். அப்ப இத்தனை வருஷமா எம் படத்துக்குள்ள இருந்து உனக்குப் பதில் சொன்னது யாரு?”

“யாருன்னு தெரியாது. ஆனா தினமும் சாப்பாட்டு நேரத்துக்கு வீட்ல இருந்தாரு,” என்று சொல்லி, கிம்-லான் கதவைச் சாத்திப் பூட்டினாள்.