நின்றுபோன நாள் கணக்கு

"தம்பி, மூணு நாளா நானூத்தி பன்னெண்டுலயே நிக்குது," என்றார் போனில் அந்த அம்மா.

காணாமல் போனவர்களைத் தேடும் அலுவலகத்தின் இணையதளத்தை உருவாக்கிய புரோகிராமர் அவன். ஒவ்வொருவர் படத்தின் கீழும், அவர் காணாமல் போய் எத்தனை நாள் என்று ஓர் எண் தெரியும். காணாமல் போன தேதிக்கும் இன்றைய தேதிக்கும் உள்ள வித்தியாசத்தை, பிஎச்பி என்ற கணினி மொழியில் அவன் எழுதிய நான்கு வரிகள் கணக்கிட்டுத் தரும்.

"காலையில எழுந்ததும் அதைத்தான் பார்ப்பேன். என் பையனை நினைச்சு இன்னொருத்தரும் நாள் எண்ணுறாங்கன்னு ஒரு தெம்பு."

"லைன்லயே இருங்கம்மா. ரெண்டு நிமிஷத்துல சரி பண்ணிடறேன்."

வரிகளில் தவறில்லை. மற்ற படங்களின் கீழ் எண்கள் ஒழுங்காக ஏறியிருந்தன. அவர் மகனின் பதிவை மட்டும் திறந்தான்.

அதில் 'முடிவுத் தேதி' என்ற கட்டம் காலியாக இருந்தால்தான் கணக்கு இன்றைய தேதியை எடுக்கும். மூன்று நாள் முன்பு அலுவலகத்தில் யாரோ அதை நிரப்பியிருந்தார்கள். பக்கத்திலேயே குறிப்பு: 'உடல் கிடைத்தது. அடையாளம் உறுதி. குடும்பத்துக்குத் தெரிவிக்க வேண்டும்.'

"என்ன தம்பி, ஓடுதா?"

"அம்மா... வீட்ல உங்ககூட யாராவது இருக்காங்களா?"

"பொண்ணு இருக்கா. ஏன்?"

"போனைக் கொஞ்சம் அவங்ககிட்ட குடுங்கம்மா."

அவர் கொடுக்கவில்லை. மறுமுனையில் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது.

"அவனைப் பார்க்க எங்க வரணும்னு மட்டும் சொல்லு, தம்பி."