இரக்கமில்லாத சீமாட்டி

"இன்னிக்கும் சாப்பிடலையா?"

"இல்லைம்மா. பட்டாணிக் கஞ்சியை அப்படியே திருப்பி அனுப்பிட்டார்" என்றாள் பணிப்பெண் பெய்ரோனா, மூச்சு வாங்க. கோபுரத்தின் அறுபது படிகளையும் காலையிலிருந்து ஐந்தாவது முறையாக ஏறி வந்திருந்தாள். "காதலுக்காகத் தவம் கிடக்கிற வீரன் கஞ்சி குடிச்சதா எந்தப் பாட்டுலயும் வரலையாம்."

சீமாட்டி எர்மெசிந்தா தலையில் கை வைத்துக்கொண்டாள்.

சாளரத்துக்குக் கீழே, கொட்டும் மழையில், முழுக் கவசத்தோடு மண்டியிட்டிருந்தான் இசார்ன். இன்றோடு பன்னிரண்டு நாள். பாணர்கள் பாடும் வீரர்கள் எல்லாம் அப்படித்தான் செய்வார்களாம். கவசம் துருவேறி, அசைந்தால் பழைய கதவைப் போலக் கிறீச்சிட்டது.

"ஊர்ல என்ன பேசிக்கிறாங்க?"

"பேசிக்கிறதா? வேலி ஓரமா நின்னு வேடிக்கை பாக்குறாங்க. ரொட்டிக்காரி அங்கேயே கடை போட்டுட்டா."

"கடவுளே! சரி, இன்னிக்கு என்னை என்னன்னு கூப்பிட்டார்?"

"இரக்கமில்லாத சீமாட்டின்னு."

"இரக்கமில்லாதவளா! கம்பளி அனுப்பினேன், வேண்டாம்னார். ஒயினைச் சுட வச்சு அனுப்பினேன், அதுவும் வேண்டாம்னார். இதுக்கு மேல நான் என்னதான் பண்ணணுமாம்?"

"கொடுமை பண்ணணுமாம். நீங்க அலட்சியமா இருந்தாத்தான் அவர் ஏங்க முடியுமாம். ஆபத்தான வேலையா ஏதாவது சொல்லணுமாம்."

"சொன்னேனே! முட்டைக்கோஸ் தோட்டத்தை நாசம் பண்ற காட்டுப்பன்றியை விரட்டச் சொன்னேனே!"

"பன்றியெல்லாம் கணக்குல வராதாம். நெருப்புக் கக்குற நாகமா இருந்தா போறாராம்."

"இந்த லிமூசின் சீமையில நெருப்புக் கக்குற நாகத்துக்கு நான் எங்கடி போவேன்?"

கீழிருந்து இருமல் கேட்டது. நெஞ்சைப் பிளக்கிற இருமல். எர்மெசிந்தாவின் முகத்திலிருந்த கோபம் சட்டென்று வடிந்தது. போன குளிர்காலத்தில் குதிரை லாயக்காரனைக் கொண்டுபோனது இப்படியொரு இருமல்தான்.

மேலாடையை இழுத்துப் போர்த்திக்கொண்டு தடதடவெனப் படியிறங்கினாள்.

"அம்மா, நில்லுங்க! சீமாட்டி தானா இறங்கி வரக் கூடாதாம், பாட்டுல..."

"பாட்டைத் தூக்கி அகழியில போடு!"

சேற்றில் அவன் எதிரே போய் நின்றாள். "போதும், எழுந்திருங்க. உள்ள வாங்க. இது என் கட்டளை."

இசார்ன் நிமிர்ந்தான். உதடுகள் நீலம் பாரித்திருந்தன. "முடியாது சீமாட்டி. உங்களைக் கைப்பிடிச்சவர் இந்தக் கோட்டையோட தலைவர். அவருக்குத் துரோகம் பண்ணிட்டு எப்படி..."

"அந்தத் தலைவரே நீங்கதானே!" என்று வீறிட்டாள் எர்மெசிந்தா. "எட்டு வருஷமா எனக்குப் புருஷன் நீங்கதானே! அப்பா எங்கன்னு மூணு பிள்ளைங்களும் உள்ள அழுதுக்கிட்டு இருக்குதுங்க!"

அவன் தலைக்கவசத்தை மெல்லக் கழற்றினான்.

"தெரியும் எர்மெசிந்தா. அன்னிக்கு உங்க அப்பா நிலத்தோட சேர்த்து உன்னையும் என் கையில கொடுத்தார். உனக்கு என்னைப் பிடிச்சிருக்கான்னு யாரும் கேக்கல, நானும் கேக்கல" என்றான். "எப்படிக் கேக்கணும்னு எனக்குத் தெரியல. அதான், பாட்டுல கேக்குற மாதிரி கேட்டுப் பாக்குறேன்."